திருப்பிப் போட்ட சிரிப்பு

"ஹலோ... மேடம்... உங்களைத்தாங்க! மழைக்குத்தானே ஒதுங்கி நிக்கிறீங்க? சும்மா நிக்கிற நேரத்துக்கு உள்ள வந்து ஒரு படம் பார்த்துட்டுப் போகலாம்ல?"

யார் இவன் என்று திரும்பினாள் அவள். டிக்கெட் கவுன்ட்டருக்கும் மழைக்கும் நடுவில், பாதி நனைந்த சட்டையோடு ஒருவன் நின்றிருந்தான். தியேட்டர் வாசலில் ஒதுங்கியவர்கள் ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசிவிட்டு இப்போது இவளிடம் வந்திருக்கிறான். அவன் இமையில் ஒரு மழைத்துளி தொங்கிக்கொண்டிருந்தது... இதோ விழும், இதோ விழும் என்று பார்த்தால் விழவே இல்லை. எரிச்சல் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு என்னவோ வேடிக்கை பார்க்கத் தோன்றியது.

"நீங்க தியேட்டர்காரரா?"

"சேச்சே... நானும் டிக்கெட் எடுத்தவன்தான். பத்துப் பேர் சேரலைன்னா ஷோவை ஓட்ட மாட்டாங்களாம். இன்னும் ரெண்டு பேர் வேணும். நீங்க சரின்னா ஒருத்தர் போதும்."

"ஓ... ஆள் பிடிக்கிறீங்க!"

"ஆமாங்க. வெட்கமே இல்லாம."

அவள் சுவரில் இருந்த போஸ்டரைப் பார்த்தாள். கொடியில் காயும் துணிகள், அவற்றுக்குப் பின்னால் நான்கு பெண்கள். அவளுக்குத் தெரியாத போஸ்டரா? அந்தப் படத்தை வெட்டி, ஒட்டி, உருவாக்கிய எடிட்டரே அவள்தான். எந்த இடத்தில் ஜனங்கள் இருமுகிறார்கள், எந்த இடத்தில் செல்போனை எடுக்கிறார்கள் என்று இருட்டில் உட்கார்ந்து உளவு பார்ப்பது எடிட்டர்களுக்கு ஒரு வியாதி. அதற்குத்தான் வந்திருந்தாள். வந்த இடத்தில் அவள் படத்துக்கே அவளை ஆள் பிடிக்கிறான் ஒருத்தன்!

படத்தில் தாங்களாகவே வரும் நால்வரும் திருநங்கைகள். அவளும் திருநங்கைதான். நிஜத்திலும் அவர்கள் நடத்தும் சலவைக் கடைக்கு மேலே, நால்வரில் மூத்தவளான பெரியக்காவின் வீட்டில், அவளுக்கும் ஒரு அறை உண்டு. அங்கே அவளுக்குக் கத்திரி என்று பெயர். படத்தை வெட்டுவதால் மட்டும் இல்லை, வாயைத் திறந்தாலும் வெட்டுவாள் என்பதால். ஆனால் கேமராவுக்கு முன்னால் மட்டும் வரமாட்டேன் என்று பிடிவாதமாக ஒளிந்துகொண்டவள்.

"என்ன படம்?" என்றாள், பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

"திருநங்கைகளைப் பத்தின படங்க. உடனே முகத்தை அப்படி வைக்காதீங்க!"

"எப்படி வச்சேன்?"

"ஐயோ, கைக்குட்டை எடுத்துட்டு வரலையேன்னு... அழுகாச்சிப் படம் இல்லீங்க. நாலு பேர் சேர்ந்து சலவைக் கடை நடத்துறாங்க. வீடு மாறணும், யாரும் வாடகைக்குத் தர மாட்டேங்குறாங்க. ஒருத்தி இன்னொருத்தியோட புடவையைத் தீச்சுட்டு, பழியை அயர்ன் பாக்ஸ் மேல போடுறா. டிவி ரிமோட்டுக்கு அடிச்சுக்கிறாங்க. எங்க வீட்லயும் அதே ரிமோட் சண்டைதான்! அப்பதான் உறைச்சுது. இவங்களை இத்தனை வருஷமா ரோட்ல பார்த்திருக்கேன்... வீட்டுக்குள்ள என்ன பண்ணுவாங்கன்னு ஒரு நாளாவது யோசிச்சிருக்கேனா?"

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். டைரக்டர் பத்திரிகைக்காரர்களிடம் மூச்சுமுட்டச் சொன்னதைவிட இவன் நன்றாகச் சொல்கிறான். இவனுக்கு இதில் என்ன? யாராவது சொந்தமா? சிநேகிதமா?

"உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது நடிச்சிருக்காங்களா?"

"யாரையும் தெரியாது. முதல் தடவை நானும் மழைக்கு ஒதுங்கினவன்தான்."

"முதல் தடவையா... அப்ப இது?"

"அதையெல்லாம் எண்ணக்கூடாதுங்க" என்று அசடு வழிந்தான். "அதுல ஒரு சிரிப்பு இருக்கு. அதுக்காக வர்றேன்."

"சிரிப்பா?"

"பெரியக்கான்னு ஒருத்தங்க. அவங்க அம்மா எத்தனையோ வருஷம் கழிச்சு போன் பண்ணி, 'சாப்பிட்டியா'ன்னு மட்டும் கேக்குறாங்க. பெரியக்கா சிரிப்பாங்க. கண்ணு காட்ட மாட்டாங்க, மூக்கு காட்ட மாட்டாங்க... உதடும் பல்லும் மட்டும். இமைக்கிற நேரம்தான், போயிடும். ஆனா ஒரு விஷயம் சொல்லவா?" குரலைத் தாழ்த்தினான். "அது பெரியக்காவோட பல்லு இல்லை."

அவள் ஓரடி நெருங்கினாள்.

"எப்படிச் சொல்றீங்க?"

"எனக்குப் பல் செட் செய்ற வேலைங்க. டாக்டர் அச்செடுத்து அனுப்புவாங்க, நான் பல்லு கட்டித் தருவேன். ஆளைப் பார்த்தா பேரு மறந்துடும், பல்லு மறக்காது. பெரியக்காவுக்கு முன்பல்லு ரெண்டும் கொஞ்சம் விலகியிருக்கும். அந்தச் சிரிப்புல அப்படி இல்லை. வலது பக்கம் ஒரு தெத்துப்பல்லு... சும்மா லேசா எட்டிப் பார்க்கும். படத்துல வேற யாருக்கும் அது இல்லை. யாரோடதுன்னு தெரிஞ்சுக்காம எனக்கு இருப்புக்கொள்ளலை!"

அவள் சட்டென்று உதடுகளை மூடிக்கொண்டாள். அந்தக் காட்சியை எடுத்த அன்று கேமராமேனே அழுதுவிட்டார். கேமரா தரையைக் காட்டியபடி நின்றுவிட்டது. பெரியக்காவின் சிரிப்புச் சத்தம் இருந்தது, படம் இல்லை. எடிட்டிங் அறையில் தனியாக உட்கார்ந்து தன் வாயையே படமெடுத்து அந்த இடத்தில் சொருகியவள் அவள். டைரக்டரையும் பெரியக்காவையும் அவளையும் தவிர யாருக்கும் தெரியாது. இதுவரை ஒரு ஜீவன்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

"என்னங்க, பதிலையே காணோம்?"

"ம்ம்" என்றாள், வாயைத் திறக்காமல்.

"வர்றீங்களா?"

"ம்ம்."

பத்துப் பேர் சேர்ந்தார்கள். விளக்கு அணைந்தது. அவள் படத்தைப் பார்க்கவில்லை, பக்கத்து சீட்டில் இருந்தவனைத்தான் பார்த்தாள். திரையின் வெளிச்சம் அவன் கண்களில் வந்து வந்து போனது. வாடகைக்கு வீடு கேட்கும் காட்சியில் பல்லைக் கடித்தான். ரிமோட் சண்டையில் குலுங்கினான். அந்தச் சிரிப்பு நெருங்கியபோது முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான்... வந்தது... போனது. அவன் பெருமூச்சு விட்டான். இருட்டில், ஒரு முழம் தூரத்தில், அந்தச் சிரிப்புக்குச் சொந்தக்காரி கன்னம் சூடாக உட்கார்ந்திருந்தாள்.

படம் விட்டும் மழை விடவில்லை. எதிர்ப்பக்க டீக்கடையில் ஆளுக்கொரு கிளாஸோடு நின்றார்கள்.

"எப்படி இருந்தது?" என்றான் பரீட்சை எழுதியவன் மாதிரி.

சீண்டிப் பார்க்கலாமே என்று தோன்றியது அவளுக்கு. "சுமார்தான். நடுவுல ஒரே இழுவை. எடிட்டர் தூங்கிட்டாங்க போல."

"என்னது? தூங்கிட்டாங்களா!" கிளாஸில் இருந்த டீ அவன் கையில் தளும்பியது. "அந்த எடிட்டர் மட்டும் என் கையில கிடைச்சா..."

"கிடைச்சா?"

"கால்ல விழுவேங்க! துணி காயுறதையே காட்டி ஒரு வருஷத்தை ஓட்டியிருக்காங்க. இழுவையாம்! நீங்க எல்லாம் பாட்டுக்கும் ஃபைட்டுக்கும்தான் லாயக்கு."

அவளால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். கையைக் கொண்டுபோய் வாயை மூடுவதற்குள் அவன் பார்த்துவிட்டான்.

அவன் கண்கள் அவள் உதட்டிலேயே நின்றன. பிடிபட்டோம்... அவ்வளவுதான்!

"உங்களுக்கும் தெத்துப்பல்லு" என்றான் மெதுவாக. பிறகு தலையை ஆட்டிக்கொண்டான். "ஆனா இடது பக்கம். ஒரு நிமிஷம் என்னவோ நினைச்சுட்டேன்... மன்னிச்சுக்கோங்க."

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. பெரியக்காவுக்கு ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்தில் இருந்து விழும். எடிட்டிங் அறை ஜன்னலோ அடுத்த பக்கம். வெளிச்சம் பொருந்தவேண்டும் என்று அந்த ஷாட்டை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருந்தாள். எடிட்டர்கள் தினமும் செய்கிற வேலை. படத்தில் இருப்பது கண்ணாடியில் தெரிகிற அவள். பல்லே தொழிலாக இருப்பவன் அதனாலேயே ஏமாந்துபோனான். வேறு யாராவது இருந்தால் பல் எந்தப் பக்கம் என்றா பார்த்திருப்பார்கள்?

தப்பித்தோம் என்று மூச்சு விட்டாள். விட்ட மூச்சோடு கொஞ்சம் ஏமாற்றமும் வந்தது. அது ஏன் என்று கேட்டுக்கொள்ள அவளுக்குப் பயமாக இருந்தது.

"என் கடை பின்தெருவுலதான்" என்றான் அவன். "அந்தச் சிரிப்பை நான் செஞ்சு வச்சிருக்கேன். நாளைக்கு வந்தா காட்டுறேன். வருவீங்களா?"

செஞ்சு வச்சிருக்கானா? சிரிப்பையா? போகக்கூடாது என்று முடிவெடுத்தாள். அந்த முடிவு வீடு போய்ச் சேரும்வரைகூடத் தாங்கவில்லை.

"என்னடி கத்திரி, கண்ணாடியைத் தேய்ச்சுடுவ போல இருக்கே?" என்றாள் பெரியக்கா மறுநாள், தோளில் துணி மூட்டையோடு.

அவள் சொன்னாள். ஆள் பிடித்தது, டீ, தெத்துப்பல் எல்லாவற்றையும்.

"அவனுக்குத் தெரியுமா?"

அவள் நெற்றிப் பொட்டைச் சரிசெய்தாள். பெரியக்காவும் திரும்பக் கேட்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் இருந்தான். கண்ணே மணியே என்று உருகியவன். அவள் தன்னைப் பற்றிச் சொன்ன மறுநாள் போன் நம்பரையே மாற்றிக்கொண்டான். அவனும் நல்லவன் என்றுதான் பெயர் எடுத்தவன். படம் பிடித்துப்போவது வேறு, படத்தில் இருக்கிற மாதிரி ஒருத்தியைப் பிடித்துப்போவது வேறு... இந்தப் பல்லுக்காரன் எந்த வகை? அதைத் தெரிந்துகொள்ளாமல் இனி அவளுக்குத் தூக்கம் இல்லை.

"போயிட்டு வந்து ஒண்ணு விடாம சொல்லணும்" என்றாள் பெரியக்கா. "படம் மாதிரி வெட்டிச் சொன்னே, தொலைச்சுடுவேன்."

கடையின் முன்னறையில் அவன் அம்மா உட்கார்ந்து பற்களை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளையில் இத்தனை வெள்ளையா என்று அதிசயமாக இருந்தது. தரையெல்லாம் அச்சு மாவுத் தூள், காற்றில் உருகிய மெழுகு வாசனை.

"வாம்மா. நேத்து படம் பார்க்க இழுத்துட்டுப் போனானாமே உன்னையும்? என்னையும் விடலை. நல்ல படம்தான்... பாவம், அந்தப் பிள்ளைங்க."

பாவம் என்ற சொல் அவளுக்கு ஆகாது. வாசலுக்கு வெளியே நிற்கவைத்துத் தண்ணீர் கொடுக்கிற சொல் அது. இருந்தாலும் சிரித்துவைத்தாள்.

உள்ளறையில் அவன் மெழுகு உருக்கும் பர்னர் முன்னால் இருந்தான். அவளைக் கண்டதும் எழுந்த வேகத்தில் ஸ்டூல் விழுந்தது. அலமாரியில் இருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

மெழுகுப் பல்வரிசை. வலது பக்கத்தில் அந்தப் பல் லேசாக எட்டிப் பார்த்தது. பிறந்ததில் இருந்து கண்ணாடியில் பார்த்து, மறைத்து, திட்டித் தீர்த்த பல்... அதை ஒருத்தன் இத்தனை ஆசையாகச் செதுக்கியிருக்கிறான்.

"இங்க வர்ற எல்லாருக்கும் நேரா, வெள்ளை வெளேர்னு வேணும்" என்றான். "நான் சொல்வேன், கொஞ்சம் கோணல் இருந்தாத்தாங்க அது உங்க சிரிப்பு, இல்லைன்னா என் சிரிப்பு ஆகிடும்னு. யாரு கேக்குறா? அதான் எனக்காக இதைச் செஞ்சேன். யாருன்னே தெரியாது. பைத்தியம்னு நினைப்பீங்க."

இப்படியே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பக்கம் மாறியிருக்கிறது, அவன் கண்டுபிடிக்கவே மாட்டான். அவள் வாசலைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். பொய் சொல்ல முடியாத மாதிரி கண் இவனுக்கு.

"பக்கத்தை மாத்திச் செஞ்சுட்டீங்க" என்றாள். "அது இடது பக்கம். வெளிச்சத்துக்காக ஷாட்டைத் திருப்பிப் போட்டேன்... நான்தான் எடிட்டர். அது என் வாய். எடிட்டிங் ரூம்ல தனியா நானே எடுத்தது."

அவன் அவளைப் பார்த்தான். மெழுகைப் பார்த்தான். முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். அடுத்த நொடியே காது மடல்வரை சிவந்துபோனது.

"அப்ப... நேத்து முழுக்க உங்க படத்தை உங்களுக்கே விளக்கிட்டிருந்தேனா? நீங்களும் 'ம்ம்'னு கேட்டுட்டு... நல்லா ரசிச்சீங்க இல்ல?"

"ஆமா, ரசிச்சேன். ஆனா..."

"வேண்டாங்க. என்னைப் பார்த்தா கோமாளியாத்தானே தெரிஞ்சிருக்கும்? இதை உருக்கிடுறேன்." மெழுகைப் பிடுங்கி பர்னர் பக்கம் கொண்டுபோனான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். இருவருமே அதை எதிர்பார்க்கவில்லை.

"கோமாளின்னு யாரு சொன்னா? என் படத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் சொல்ல மாட்டாரான்னு இருந்தது. அதான் வாயை மூடிக்கிட்டேன்." அவன் மணிக்கட்டை அவள் இன்னும் விடவில்லை. "உருக்கணும்னா உருக்குங்க. ஆனா யாரோட சிரிப்புன்னு முழுசாத் தெரிஞ்சுக்கிட்டு உருக்குங்க. நானும் திருநங்கைதான். அந்தச் சலவைக் கடை மாடியிலதான் இருக்கேன். படத்துல நான் இல்லை... அந்த இமைக்கிற நேரம் மட்டும் இருக்கேன்."

சொல்லி முடித்ததும் கையை எடுத்துக்கொண்டாள். பர்னர் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அவன் கையை நீட்டி அதை அணைத்தான். மெழுகைப் பத்திரமாகத் துணியில் வைத்தான்.

பேசாதவர்களை அவளுக்குத் தெரியும். பேசினால் கேட்கிற கேள்விகளும் தெரியும். "கேளுங்க" என்றாள் கசப்பாக. "எல்லாரும் கேப்பாங்க. எப்பத் தெரியும், என்ன பண்ணீங்க, எப்படிப் பண்ணீங்க... கேட்டுடுங்க."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"ம்ம்."

"சத்தம் பெரியக்காவோடது. சிரிப்பு உங்களோடது. தனியா ஒரு ரூம்ல, கேமராவை வச்சுட்டு... எதை நினைச்சுச் சிரிச்சீங்க?"

இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கண்கள் நிறைந்துவிட்டன.

"முதல்ல சிரிப்பே வரலை. எல்லாமே பொய்யா இருந்தது. அப்புறம்... எங்க அம்மா போன் பண்ணிக் கேக்குற மாதிரி நினைச்சுக்கிட்டேன். அது இன்னும் வரலை. வந்த மாதிரி நினைச்சப்ப, தானா வந்துடுச்சு."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கேமராமேன் மாதிரியே இவனும் அழுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"நான் அந்தச் சிரிப்பைத் தேடினது, அது யாருன்னு தெரிஞ்சா அவங்களோட பேசிட்டே இருக்கணும்னுதான்" என்றான். "நேத்து டீக்கடையில உங்களோட பேசினப்ப, அந்தச் சிரிப்பை மறந்தே போயிட்டேன். வீட்டுக்கு வந்து அதுக்குத் துரோகம் பண்ணிட்டேன்னு வருத்தப்பட்டேங்க! இப்பப் பார்த்தா ரெண்டும் நீங்களே. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

"உணர்ச்சிவசப்பட்டுச் சொல்றீங்க. முன்பின் தெரியாதவங்களை மழையில நிறுத்தி, படம் பாருங்கன்னு சொல்றது சுலபம். வீட்டுக்குள்ள சொல்றது..."

"அது கஷ்டம்தான்." கதவுப் பக்கம் பார்த்தான். பிறகு அவளிடம் தணிந்த குரலில் கேட்டான். "சொல்லலாமா? உங்களைக் கேக்காம சொல்ல மாட்டேன்."

அந்த ஒரு கேள்விக்காகவே அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது. சொல்லுங்கள் என்று தலையை அசைத்தாள்.

"அம்மா... கொஞ்சம் வாயேன்."

அம்மா கையில் பல்லோடு வந்து நின்றாள். ஊரையே படத்துக்குக் கூப்பிட்டவனுக்கு இப்போது நாக்கு எழவில்லை. "அம்மா... இவங்க... அந்தப் படத்தோட எடிட்டர். அந்தச் சிரிப்பு இவங்களுதுதான். திருநங்கை. இவங்களை எனக்குப் பிடிச்சிருக்கும்மா. விளையாட்டுக்குச் சொல்லலை."

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். அவள் ஓடிவிடாமல் நின்றாள்.

"படத்துல பார்த்தப்ப பாவம்னு சொல்லத் தெரிஞ்சுது" என்றாள் அம்மா கடைசியில். "நேர்ல நின்னா என்ன சொல்றதுன்னு தெரியலை. எனக்குப் பயமா இருக்குடா. நாலு பேர் கேப்பாங்க. நான் யோசிக்கணும். உடனே எல்லாம் முடியாது."

"யோசிம்மா. ஆனா நான் மாற மாட்டேன்."

அம்மா திரும்பினாள். வாசல் வரை போனவள் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள். "படத்துல வந்த அந்தப் பெரியக்கா... அவங்கதான் உனக்குப் பெரியவங்களா? பேசணும்னா அவங்ககிட்டதான் பேசணுமோ?"

"ஆமாம்மா. ஆனா அவங்க கொஞ்சம் ராங்கி."

"நானும்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா முன்னறைக்குப் போனாள். பற்களைப் பிரிக்கும் சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கியது, கொஞ்சம் கோபமாகவே.

அவன் நெற்றி வியர்த்திருந்தது. "சொல்லிட்டேன்" என்றான், தானே நம்பாதவன் போல. "நீங்க ஒண்ணும் சொல்லலையே... உங்களுக்கும் யோசிக்கணுமா?"

அவள் அவனைப் பார்த்தாள். எதையும் வெட்டாமல், எதையும் மறைக்காமல் ஒரு முறை சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அம்மாவுக்கு மட்டும் இல்லை, எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள். "நாளைக்கே உங்க நம்பர் மாறிடுமோன்னு பயம். உங்க அம்மா முகத்தைப் பார்த்தா பயம். உங்க மேல நம்பிக்கை வந்துட்டதே, அதுவும் பயம்... அத்தனை பயத்தோடயும் எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."